புள்ளி தப்பாமல்: பலதிரட்டுக் கட்டு ஒன்றைப் பிரித்து, செப்பனிட்டு, படமெடுத்த செய்முறை

பல்கலைக்கழக நூலகங்களின் பழைய தமிழ் அடுக்குகளில் முதுகில் ‘பலதிரட்டு’ என்று எழுதிய தடித்த காலிகோ (துணி ஒட்டிய அட்டை) கட்டுகள் தென்படும். உள்ளே கும்மி, சிந்து, நொண்டி, கொலைப் பாட்டு, ரயில் விபத்துப் பாட்டு எனச் சென்னைக் குஜிலிக் கடைகளில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற நூல்கள். தனியாக அடுக்கினால் தொலைந்துவிடும் என்று பத்துப் பன்னிரண்டை ஒன்றாகச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்தார்கள். அந்தப் பைண்டிங்தான் அவற்றை இதுவரை காப்பாற்றியது. இன்று அவற்றை ஒடித்துக்கொண்டிருப்பதும் அதே பைண்டிங்தான்.

இங்கே பதிவு செய்வது பன்னிரண்டு நூல்கள் கொண்ட அப்படி ஒரு கட்டின் வேலை. எல்லாம் கிரௌன் எட்டில் ஒன்று அளவு, அதாவது வெட்டாத நிலையில் 5 × 7½ அங்குலம். 15 × 20 அங்குலக் கிரௌன் தாளை மூன்று தடவை மடித்தால் 8 இதழ், 16 பக்கம், ஒரு பாரம். இந்த நூல்களில் பெரும்பாலானவை 8 பக்கமோ 16 பக்கமோ இருப்பதன் காரணம் இதுதான்: அரைத் தாள் அல்லது ஒரு தாள். பக்கம் காணாமல் போயிருக்கிறதா என்று பார்க்கும்போது இந்தக் கணக்கு கைகொடுக்கும். 14 பக்கம் எண்ணினால் நடுவில் ஓர் இதழ் போயிருக்கிறது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் வந்தபின் பதிப்பாளர்கள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்கும் படி அனுப்பக் கடமைப்பட்டவர்கள். அதற்கு முந்தைய காலத்துக் காலணாப் புத்தகத்துக்கு அப்படி உறுதியான இருப்பிடம் இல்லை. கையில் இருக்கும் படியே கடைசிப் படியாக இருக்கலாம் என்று எண்ணித்தான் கத்தியை எடுக்க வேண்டும்.

தாள் ஏன் நொறுங்குகிறது

ஒரே அடுக்கில் 1840களில் அச்சான நூல் இன்னும் வளைந்துகொடுக்கும். 1920களில் அச்சானது அப்பளமாக நொறுங்கும். முன்னது கந்தல் துணிக் கூழில் செய்த தாள். பின்னது அரைத்த மரக்கூழ். மரக்கூழில் லிக்னின் (மர நாரைப் பிணைக்கும் பொருள்) அப்படியே தங்கிவிடுகிறது. மை பரவாமலிருக்கப் படிகாரமும் குங்கிலியமும் சேர்த்திருப்பார்கள். படிகாரம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, தாளின் நாராகிய செல்லுலோஸ் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. ஓரம் முதலில் பழுப்பாகும், பிறகு மடிப்பு ஒடியும். வலிமையைப் பார்க்க ஓரத்தை மடித்து மடித்துப் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அசல் நூலில் அதைச் செய்யக் கூடாது. ஒவ்வொரு சோதனையும் ஒரு மூலையைத் தின்றுவிடும். மூலைகள் ஏற்கெனவே இல்லையென்றால் பதில் கிடைத்துவிட்டது.

பூச்சி முதலில்

கட்டைத் திறந்ததும் மாவு போலத் தூள் உதிர்ந்தால், அதை ஊதிவிடாமல் வெள்ளைத் தாளில் தட்டிப் பார்க்க வேண்டும். புத்தகப் புழு வட்டமான துளை போட்டு இதழ் இதழாக ஊடுருவிப் போகும். இராமபாணம் மேற்பரப்பைச் சுரண்டி, பசையும் எழுத்தும் இருக்கும் இடத்தை மெலிதாக்கும். புதிய தூள் வெளிறியிருக்கும், பழையது தாளின் நிறத்துக்கு வந்திருக்கும்.

சந்தேகமிருந்தால் உறைய வைப்பதே நல்லது. கட்டை மெல்லிய வெள்ளைத் தாளில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயைச் சூடாக்கி ஒட்ட வேண்டும். மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்தபின் குறைந்தது 24 மணி நேரம் பையைத் திறக்கவே கூடாது. ஆர்வத்தில் உடனே திறந்தால் குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் படிந்து, பூச்சியால் வராத சேதம் தண்ணீரால் வந்து சேரும். நாஃப்தலின் உருண்டை, பூச்சிமருந்துத் தூள் வாசனை வீசும் பழைய கட்டுகளுக்கு முகமூடியும் கையுறையும் கட்டாயம்.

சுத்தம் செய்ய ஆட்டுமுடித் தூரிகையும், புகைக்கறை துடைக்கும் ரப்பர் ஸ்பாஞ்சும் போதும். முதுகிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே திசையில் துடைக்க வேண்டும். பூஞ்சை இருந்தால் நுண்வடிகட்டி உள்ள வேக்குவத்தின் வாயில் வலைத்துணி கட்டி, இழுவையைக் குறைத்து வைத்து எடுப்பது. வலை இல்லாவிட்டால் உதிர்ந்த மூலைத்துண்டும் தூசியோடு போய்விடும்.

பிரிப்பது

இந்தக் கட்டுகளில் பெரும்பாலும் பக்கத் தையல்தான். முதுகிலிருந்து 6 முதல் 8 மில்லிமீட்டர் உள்ளே, எல்லா நூல்களையும் சேர்த்துத் துளைத்து, தடித்த தையல் நூலால் இறுக்கியிருப்பார்கள். புத்தகம் முழுதாக விரியாது. உள் ஓரத்து எழுத்து மறைந்துவிடும். விரித்து அழுத்தினால் தையல் கோட்டிலேயே இதழ் ஒடியும். அதனால் தாள் நொறுங்கும் நிலையிலிருக்கும் கட்டைப் பிரிப்பதே சரி என்பது எங்கள் முடிவு. தாள் இன்னும் உறுதியாக இருந்து, 90 டிகிரி விரிப்பில் எல்லா எழுத்தும் தெரிந்தால் கை வைக்க வேண்டாம்.

பிரிப்பதற்கு முன் கட்டின் ஆறு பக்கமும் படம் எடுத்து, நூல்கள் இருந்த வரிசையை எழுதிக்கொள்ள வேண்டும். எது எதனுடன் சேர்ந்திருந்தது என்பது சேகரித்தவரின் கையெழுத்து போன்றது. ஒவ்வொரு நூலின் கடைசி இதழின் கீழ் மூலையில் மென்மையான பென்சிலால் கட்டு எண்ணும் நூல் எண்ணும் எழுதினால் போதும். பேனா கூடவே கூடாது.

அட்டையை நீக்கியதும் முதுகில் கெட்டியான பசைப் படலம் தெரியும். மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கலப்பது நம் பைண்டர்களின் பழைய வழக்கம். பசை நீலப்பச்சையாகத் தெரிந்தால் துத்தம் இருக்கிறது. செம்பு தாளின் சிதைவைத் துரிதப்படுத்தும் பொருள்; பசை தொட்ட இடம் மட்டும் கரும்பழுப்பாகி ஒடிவது அதனால்தான். மைதாவில் இருக்கும் குளூட்டன் மஞ்சளாகிக் கெட்டிப்படும், பூச்சிக்கும் பிடிக்கும்.

பசையைக் காய்ந்த நிலையில் சுரண்டினால் முதுகுத் தாளும் சேர்ந்து வரும். 100 மில்லி தண்ணீரில் 4 கிராம் மெத்தில் செல்லுலோஸ் கரைத்து, இரவு முழுக்க ஊறவிட்டால் கூழ் பதத்துக்கு வரும். அதை முதுகில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமனில் பூசி, பாலிதீன் துண்டால் மூடி, 15 நிமிடம் விட வேண்டும். பிறகு எலும்புத் தகட்டால் மெல்ல வழித்தால் பசை ஜவ்வாக வரும். மிச்சம் இருந்தால் மறுபடியும் பூசலாம். ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்று 40 நிமிடம் விட்டால் ஈரம் இதழின் உள்ளே ஏறி, தாளில் கரைந்துள்ள பழுப்பைத் தள்ளிக்கொண்டுபோய் நிற்கும் இடத்தில் கோடாகப் படியவிடும். அந்தக் கோடு மரக்கூழ்த் தாளில் பிறகு போகாது.

தையல் நூலை இழுத்து உருவக் கூடாது. ஒவ்வொரு துளைக்கும் நடுவே கத்தரித்து, துண்டு துண்டாகச் சாமணத்தால் எடுக்க வேண்டும். கம்பித் தையல் போட்ட நூல்களில் துரு தாளைத் தின்றிருக்கும். கம்பியின் காலுக்கு அடியில் மெல்லிய பாலியஸ்டர் துண்டைச் செருகிக்கொண்டு, காலை நிமிர்த்தி, இன்னொரு பக்கத்திலிருந்து நேராக மேலே தூக்க வேண்டும். துருவோடு தாள் ஒட்டியிருந்தால் கம்பியை நடுவில் வெட்டி இரண்டு பாதியாக எடுப்பதே பாதுகாப்பு.

தண்ணீர் ஏன் வேண்டாம்

அமிலத் தாளுக்குக் கால்சியம் கரைசலில் குளிப்பாட்டி அமிலம் நீக்குவது நன்கு தெரிந்த சிகிச்சை. அச்சு மை கரியும் ஆளிவிதை எண்ணெயும் கலந்தது; தண்ணீரில் அசையாது. ஆனாலும் இந்தக் கட்டுக்கு அதைச் செய்யவில்லை. காரணம் மூன்று. மேலட்டைகள் இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் நிறத்தாள். ஈரப் பஞ்சு பட்டதும் சாயம் இறங்குகிறது. நூலகத்தின் பழைய ஊதா முத்திரை தண்ணீரிலும் கரையும், ஸ்பிரிட்டிலும் கரையும். மூன்றாவது, லிக்னின் நிறைந்த தாள் காரத்தில் பட்டால் இன்னும் மஞ்சளாகும்.

சோதிப்பது எளிது. முத்திரையின் ஓரத்தில், கண்ணுக்கு எட்டாத இடத்தில், ஊசிமுனை அளவு துளி தண்ணீர் வைத்து, ஒரு நிமிடம் கழித்து ஒற்றுத்தாளால் ஒற்ற வேண்டும். ஒற்றுத்தாளில் ஊதா ஏறினால் அந்த இதழ் குளியலுக்கு இல்லை. ஊதா ஒருமுறை பரவினால் பின்பக்கத்துப் பாட்டு வரிகள் வரை போய்விடும். திரும்ப எடுக்க வழியே கிடையாது.

குளியலுக்குப் பதிலாக, ஒவ்வொரு நூலையும் கால்சியம் கார்பனேட் கலந்த, அமிலமற்ற தாளுறையில் வைத்தோம். இது தாளில் ஏற்கெனவே உள்ள அமிலத்தை அழிக்காது. வெளியிலிருந்தும் பக்கத்து நூலிலிருந்தும் வருவதைத் தடுக்கும், உள்ளேயிருந்து கசிவதில் ஒரு பகுதியை உறிஞ்சும். முன்பு நம் நாட்டு ஆவணக் காப்பகங்களில் பரவலாக நடந்த அசிட்டோன், செல்லுலோஸ் அசிட்டேட் லேமினேஷனை இப்படிப்பட்ட நூலுக்கு நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். அசிட்டேட் சிதையும்போது வினிகர் வாசனை அடிக்கும். அந்த அமிலம் தாளுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்.

ஒட்டுப் போடுவது

கிழிசலுக்கு, சதுர மீட்டருக்கு 5 கிராம் எடையுள்ள ஜப்பானியக் கொஸோ (மல்பெரி நார்) டிஷ்யூ. பசை கோதுமை ஸ்டார்ச்: 20 கிராமுக்கு 100 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீர். ஒரு மணி நேரம் ஊறவைத்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, விடாமல் கிளறி அரை மணி நேரம் வேகவிட வேண்டும். வெண்மை போய்க் கண்ணாடித் தன்மை வந்தால் பதம். ஆறியபின் நுண்சல்லடையில் மூன்று முறை தேய்த்து வடிகட்டினால் கட்டி இருக்காது. குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் தாங்கும். வெளியே வைத்தால் நம் வெயிலுக்கு மறுநாளே புளிக்கும். புளித்த பசை அமிலப் பசை, கொட்டிவிட வேண்டும்.

ஆனால் ஈரப் பசையை நேராக மரக்கூழ்த் தாளில் வைத்தால், முன்பு சொன்ன பழுப்புக் கோடு ஒவ்வொரு ஒட்டைச் சுற்றியும் வரும். அதனால் முன்கூட்டியே பசை பூசிக் காயவைத்த டிஷ்யூவைப் பயன்படுத்த வேண்டும். ஸ்டார்ச் பசையையும் மெத்தில் செல்லுலோஸ் கூழையும் சம அளவு கலந்து, தண்ணீர் விட்டு மோர்ப் பதமாக்கி, பாலியஸ்டர் தகட்டின்மேல் மெல்லப் பூச வேண்டும். அதன்மேல் டிஷ்யூவைப் படியவைத்து, மேலேயும் ஒரு முறை தூரிகை ஓட்டி, இரவெல்லாம் காயவிட்டால் மறுநாள் உரித்தெடுக்கலாம். கிழிசலை விட இரண்டு பக்கமும் 2 மில்லிமீட்டர் அகலமாக ஒரு துண்டைப் பிய்த்து (கத்தரித்தால் ஓரம் கூர்மையாகி அடுத்த கிழிசல் அங்கேயே தொடங்கும்), ஈர ஸ்பாஞ்சில் ஒரு கணம் தொட்டு, கிழிசலில் வைத்து, ஒற்றுத்தாளால் அழுத்த வேண்டும். மேலே பாலியஸ்டர் வலைத்துணி, ஒற்றுத்தாள், கண்ணாடி, ஒரு கிலோ எடை. இருபது நிமிடம். ஒற்றுத்தாளை நடுவில் ஒரு முறையாவது மாற்ற வேண்டும்.

எல்லாக் கிழிசலையும் ஒட்டிக்கொண்டே போகக் கூடாது. படமெடுக்கும்போது திருப்பினால் உடையும் இடங்களை மட்டும் முதலில். டிஷ்யூ எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அடியிலுள்ள எழுத்தை ஒரு சிட்டிகை மங்கவைக்கும்; மீதி ஒட்டெல்லாம் படமெடுத்த பின்தான். பழைய செல்லோடேப் இருந்தால் வெதுவெதுப்பான தகட்டால் மேல் படலத்தை நீக்கலாம். தாளுக்குள் ஊறிய கோந்துக்கு அசிட்டோன் வேண்டும். அதையும் ஊதா முத்திரை பக்கத்தில் இல்லாதபோதுதான் தொடலாம்.

படமும் புள்ளியும்

தமிழ் அச்சுக்குத் தெளிவு எவ்வளவு வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது புள்ளி. சிறிய அச்சுருவில் மெய்யெழுத்தின் புள்ளி சுமார் 0.3 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 300 என்ற அடர்த்தியில் அது மூன்றரைப் பிக்சல், 400இல் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு, 600இல் ஏழு. மூன்றரைப் பிக்சல் புள்ளி பழுப்புத் தாளில் கறையோடு கலந்துவிடும். ஆகவே 600. 5 × 7½ அங்குலப் பக்கம் 3000 × 4500 பிக்சல், 24 பிட் வண்ணத்தில் சுருக்காத டிஃப் கோப்பு 40.5 எம்பி. 16 பக்கமும் அட்டையின் நான்கு பக்கமும் சேர்ந்தால் ஒரு காலணாப் புத்தகம் 810 எம்பி. 24 மெகாபிக்சல் கேமரா (4000 × 6000) 6 × 9 அங்குலப் பரப்பை எடுத்தாலும் 666 கிடைக்கும். சுற்றிலும் குறைந்தது அரை அங்குலம் ஓரம் விட இடம் இருக்கிறது. நிற அட்டையும் அளவுகோலும் ஒவ்வொரு நூலின் முதல் படத்தில் இருக்க வேண்டும்.

கறுப்பு வெள்ளை இரு நிலைப் படமாக மாற்றிச் சேமிப்பது இடத்தை மிச்சப்படுத்தும் என்று தோன்றும். அந்த மாற்றத்தில் முதலில் பலியாவது மங்கிய புள்ளி. ‘கண்டான்’ என்பது ‘கணடான’ ஆகும். மறுபக்கம் தூசியும் கறையும் புதிய புள்ளிகளாக முளைக்கும். மூலப்படம் எப்போதும் வண்ணத்திலேயே இருக்கட்டும்.

இன்னொரு சிக்கல் பின்தாள். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிவதைக் குறைக்க இதழுக்கு அடியில் கறுப்புத் தாள் வைப்பது வழக்கம். புழுத் துளையில்லாத தாளுக்கு அது சரி. துளையுள்ள இதழுக்கு அடியில் கறுப்பு வைத்தால் ஒவ்வொரு துளையும் கரும்புள்ளியாகப் பதிவாகும். ‘க’வின் தலைமேல் ஒரு துளை விழுந்திருந்தால் திரையில் அது ‘க்’. படிப்பவருக்குச் சந்தேகமே வராது, மென்பொருளுக்கும் வராது. இதழின் நிறத்தை ஒட்டிய வெளிர்பழுப்புத் தாளை அடியில் வைத்தால் துளை துளையாகவே, விளிம்பு நிழலோடு தெரியும். ஊடுருவல் கொஞ்சம் கூடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டும் கடுமையாக உள்ள இதழ்களுக்குக் கறுப்பு வைத்து ஒன்று, பழுப்பு வைத்து ஒன்று என இரண்டு படம். விளக்கு இரண்டு பக்கமும் 45 டிகிரியில். துளையா மையா என்ற ஐயம் தீராத இடத்தில் ஒரு பக்க விளக்கை அணைத்துப் பார்த்தால் துளையின் விளிம்பு நிழல் காட்டிக்கொடுக்கும்.

எழுத்துணரிக்கு (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருளுக்கு) கொடுக்கும்போது 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்கள் இடிக்கும். ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசை, ணை, லை, ளை, னை ஆகிய 13 எழுத்துகள் பழைய உருவில் இருக்கும். யூனிகோடில் அவை வேறு எழுத்துகள் ஆகா, அதே குறியெண்களின் பழைய எழுத்துரு வடிவம்தான். தட்டச்சில் இன்றைய முறைப்படியே இடலாம். சொல்லின் எழுத்துக்கூட்டலை மட்டும் திருத்தக் கூடாது: ‘புஸ்தகம்’ என்றிருந்தால் ‘புஸ்தகம்’.

ஆண்டைக் கண்டுபிடிப்பது

பட்டியல் பதிவில் அதிகம் தவறு நடப்பது ஆண்டில். முகப்பில் ‘சுபகிருது௵ தை௴’ என்று மட்டும் இருக்கும். ௵ வருடக் குறி, ௴ மாதக் குறி. இவற்றை எழுத்தென்று நினைத்துத் தலைப்போடு சேர்த்துவிட்ட பதிவுகள் உண்டு. சுபகிருது 1842–43, 1902–03, 1962–63 என அறுபதுக்கு ஒருமுறை வரும். நூலகச் சேர்க்கை முத்திரை மூன்றாவதை நீக்கிவிடும். முதல் இரண்டில் எது என்று தாள் சொல்லும்: நொறுங்கும் மரக்கூழ்த் தாள் 1842 ஆக முடியாது. ஆண்டு சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனி ஆகியவை அடுத்த ஆங்கில ஆண்டுக்குப் போகும். இந்த நூல் 1903, ஆவணியாக இருந்திருந்தால் 1902. கலி ஆண்டு இருந்தால் 3101 கழிக்க வேண்டும்; சக ஆண்டுக்கு 78உம், கொல்லம் ஆண்டுக்கு 825உம் கூட்ட வேண்டும். ஆண்டு தொடங்கும் மாதத்தைப் பொறுத்து ஒன்று கூடலாம், குறையலாம். ௲௯௱௨ என்பதும் ௧௯௦௨ என்பதும் ஒன்றே. இரண்டு முறையும் அச்சில் உண்டு.

சரிபார்க்க நல்ல துணை, 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டப்படி (அச்சகம், நூற்பதிவுச் சட்டம்) மாகாண அரசிதழில் காலாண்டுக்கு ஒருமுறை வந்த நூற்பட்டியல். தலைப்பு, அச்சகம், வெளியான நாள், பக்கம், அளவு, படிகளின் எண்ணிக்கை, விலை எல்லாம் அதில் இருக்கும். குஜிலி நூல்களில் ஒரே தலைப்பைப் பல அச்சகங்கள் போட்டிருப்பதால் தலைப்பை மட்டும் பொருத்தாமல் பக்கம், விலை, அச்சகம் மூன்றையும் பொருத்த வேண்டும். பின்னட்டையில் இருக்கும் புத்தக விலைப்பட்டியலையும் பதிவில் குறிக்க வேண்டும். அதில் பெயர் மட்டும் எஞ்சி, நூல் எங்கும் கிடைக்காதவை இருக்கும்.

நூலகப் பட்டியலுக்கான மார்க் 21 வடிவத்தில் ஒவ்வொரு நூலுக்கும் தனிப் பதிவு. பழைய கட்டின் எண்ணும் வரிசையும் குறிப்பில். செய்த சிகிச்சையும் தேதியும் 583ஆம் புலத்தில். துத்தப் பசை நீக்கியது, எந்த டிஷ்யூ, எந்தப் பசை எல்லாம் அங்கே எழுதினால்தான் ஐம்பது ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்குப் பயன்படும்.

கோப்புகளுக்கு மூன்று படிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு கட்டடத்தில். கோப்பு மாறிவிட்டதா என்று காட்டும் எஸ்எச்ஏ 256 சரிபார்ப்பு எண்ணைப் படமெடுத்த அன்றே எடுக்க வேண்டும். நகலெடுத்த பின் எடுத்தால் பிழையுள்ள நகலுக்கே முத்திரை குத்தியதாகும். இணையத்தில் திறக்கும் முன் காப்புரிமை: ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு, பெயரில்லா நூலுக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு.

மீண்டும் அடுக்குக்கு

ஒவ்வொரு நூலும் தனித்தனி நான்கு மடிப்பு உறையில். பன்னிரண்டும் பழைய வரிசையிலேயே ஒரே பெட்டியில். பழைய காலிகோ அட்டையைத் தூக்கி எறியாமல், தனி உறையில் பெட்டியின் அடியில் வைத்தோம். ஒடிந்து தனித்துவிட்ட இதழ்களுக்கு மட்டும் 75 மைக்ரான் பாலியஸ்டர் உறை, இரண்டு பக்கம் மட்டும் ஒட்டியது. நான்கு பக்கமும் ஒட்டினால் அமிலம் நீக்காத தாள் தன் ஆவியிலேயே வேகமாகச் சிதையும்.

அறையில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். பகலில் ஏசி போட்டு மாலையில் அணைக்கும் அறை, ஏசியே இல்லாத காற்றோட்டமான அறையைவிட மோசம். குளிர்ந்த அடுக்குகளில் இரவு ஈரம் ஏறி, 65 சதவீதம் தாண்டியதும் பூஞ்சை முளைக்கும். கடற்கரை ஊர்களில் இது இரண்டே வாரத்தில் தெரியும். இருபத்துநான்கு மணி நேரமும் ஓட்ட முடியாவிட்டால் ஏசி வேண்டாம், மின்விசிறி போதும்.

பெட்டியின் அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, தேதி எழுதி வைத்திருக்கிறோம். மூன்று மாதம் கழித்துத் திறந்து பார்க்கும்போது அந்தத் தாளில் புதிய வெளிறிய தூள் இருந்தால், பெட்டியோடு மறுபடியும் மைனஸ் 20 டிகிரிக்குப் போக வேண்டும்.